கிரீன் ஸ்வாம்ப்: மண்டியிட்டுப் பார்க்க வேண்டிய காடு

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் சப்ளை என்று ஓர் ஊர் இருக்கிறது. பெயரைக் கேட்டதும் தோளில் துண்டு போட்ட ஹோட்டல்காரர்தான் நமக்கு நினைவுக்கு வருவார். இரண்டு நெடுஞ்சாலைகள் சந்திக்கும் இடம், அவ்வளவுதான் ஊர். அங்கிருந்து 211ஆம் எண் சாலையில் வடக்கே 9 கிலோமீட்டர் போனால் சாலையோரமாகக் கார் நிறுத்தச் சின்னதாக ஒரு திடல் வரும். பக்கத்தில் ஒரு குட்டை, ஓர் அறிவிப்புப் பலகை. வளைவு இல்லை, டிக்கெட் கொடுப்பவர் இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை, கழிப்பறையும் இல்லை. கிரீன் ஸ்வாம்ப் என்ற சதுப்புக் காட்டுக்குள் நுழையும் வழி இதுதான்.

பள்ளிப் பாடப்புத்தகத்தில் பூச்சியுண்ணும் தாவரம் என்று படம் போட்டிருந்தது நினைவிருக்கும். அந்தப் படத்தில் இருந்த வீனஸ் ஃப்ளைட்ராப் ஏதோ அமேசான் காட்டில், ஆள் உயரத்தில் வளர்வதாகத்தான் பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். சினிமாக்காரர்கள் செய்த வேலை. உண்மையில் அந்தச் செடி உலகத்தில் இயற்கையாக முளைப்பது ஒரே ஒரு பகுதியில். வில்மிங்டன் என்ற கடலோர நகரிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவுக்குள், வட கரோலினாவிலும் தென் கரோலினாவின் ஓரத்திலும். மற்ற இடங்களில் இருப்பதெல்லாம் தொட்டியில் வளர்ப்பது, அல்லது யாரோ கொண்டுபோய் நட்டது. அதன் சொந்த ஊரில் போய் அதைப் பார்க்க வேண்டுமானால் இங்கேதான் வர வேண்டும்.

மாநிலத் தலைநகர் ராலேயிலிருந்து வில்மிங்டனுக்குக் காரில் சுமார் 2 மணி நேரம். அங்கிருந்து இங்கே வர இன்னும் முக்கால் மணி. ராலேயை ஒட்டிய கேரி, மோரிஸ்வில் பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவை நயாகராவுக்கும் நியூயார்க்குக்கும் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு, தங்கள் மாநிலத்திலேயே உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒன்று இருப்பது பெரும்பாலும் தெரியாது. தெரிந்து வருகிறவர்களிலும் பாதிப் பேர் ஒன்றும் பார்க்காமல் திரும்புகிறார்கள். ஏனென்றால் அவர்கள் நேராகப் பார்த்துக்கொண்டு நடக்கிறார்கள்.

வீனஸ் ஃப்ளைட்ராப் தரையோடு தரையாக இருக்கும் செடி. முழுச் செடியும் ஒரு சாண் அகலத்துக்கு மேல் போகாது. பொறி என்று நாம் சொல்லும் அந்த வாய் கட்டைவிரலின் முதல் கணு அளவுதான். புல்லுக்கு நடுவே ஒளிந்திருக்கும். எங்கே, எங்கே என்று தூரத்தில் தேடுகிறவரின் ஷூவுக்கு இரண்டு அங்குலம் தள்ளி அது வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும்.

எந்த மாதம் போவது

வருடம் முழுவதும் காடு திறந்திருக்கிறது, கட்டணமும் இல்லை. ஆனால் எந்த மாதம் போகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் எதைப் பார்ப்போம் என்பதும். ஏப்ரலில் குடுவைச் செடிகள் மஞ்சள் பூவைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கும்; சாரசீனியா என்ற இந்த இனத்தில் பெரும்பாலும் முதலில் பூதான் வரும், குடுவை பின்னால்தான் நிமிரும். மே கடைசியிலிருந்து ஜூன் நடு வரை ஃப்ளைட்ராப் பூக்கும் காலம். வெள்ளைப் பூ, சாதாரணமானது. ஆனால் அந்தப் பூதான் தூரத்திலிருந்து செடியைக் காட்டிக்கொடுக்கும். ஒரு முறைதான் போக முடியும் என்கிறவர்கள் இந்த மூன்று வாரத்தைப் பிடித்துக்கொள்வது நல்லது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் குடுவைகள் நன்றாக வளர்ந்திருக்கும், கூடவே சென்னையை நினைவூட்டும் புழுக்கமும் கொசுவும். குளிர்காலத்தில் செடிகள் உறங்கிவிடும். இலையுதிர் காலத்தில் மான் வேட்டை நடக்கும் பகுதி இது என்பதால் அப்போது போகிறவர்கள் பளிச்சென்ற ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்டுக்கொள்ள வேண்டும்.

காலை 8 மணிக்கு அங்கே இருப்பது உத்தமம். வெயில் காரணம் பாதி. மீதிக் காரணம் கீழே வருகிறது.

கொண்டுபோக வேண்டியவை அதிகம் இல்லை. நனைந்தால் பரவாயில்லை என்கிற ஷூ, முழுக்கால் பேன்ட், அதன் நுனியைச் செருகிக்கொள்ள நீளமான சாக்ஸ். இது அழகுக்காக அல்ல, உண்ணிக்காக. புல்லில் உரசி நடந்தால் உண்ணி ஏறும். ஒரு ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். வரைபடத்தை முன்பே போனில் இறக்கி வைத்துக்கொள்வது. நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்க்கிற பத்து மடங்கு லென்ஸ் ஒன்று. கடைசியாக, பழைய சாக்கு அல்லது பிளாஸ்டிக் விரிப்பு. இது எதற்கு என்று கேட்பவர்கள் அங்கே போய் முழங்காலிட்டதும் புரிந்துகொள்வார்கள்.

குட்டையின் ஓரத்தில் உட்கார்ந்து காலை நனைப்பது வேண்டாம். அலிகேட்டர் முதலை இருக்கும் நீர்நிலை அது. கிலுகிலுப்பை வாலுள்ள விரியன்களும் இந்தக் காட்டில் உண்டு. பயப்பட ஒன்றுமில்லை; கால் வைக்கும் இடத்தைப் பார்த்து வைத்தால் போதும். செடி பார்க்க வந்தவருக்குக் குனிந்த தலை எப்படியும் வேண்டும்.

மேடும் சேறும்

கிரீன் ஸ்வாம்ப் என்ற பெயரில் ஸ்வாம்ப் இருந்தாலும் முழுக்க உளைச் சேறாக இருக்காது. 17,000 ஏக்கருக்கு மேல் பரந்திருக்கும் இந்தக் காப்பிடத்தில் இரண்டு நிலங்கள் மாறி மாறி வருகின்றன. ஒன்று நெட்டிலை பைன் மரங்கள் இடைவெளி விட்டு நிற்கும் புல்வெளி. மணல் கலந்த தரை, மேலே நல்ல வெளிச்சம், நடக்கச் சுகம். இன்னொன்று பொகோசின். அல்கோன்குவியன் மொழி பேசிய பூர்வகுடிகளிடமிருந்து வந்த சொல் இது. மேட்டுச் சதுப்பு என்று பொருள் சொல்வார்கள். கை கோத்தாற்போல் பின்னிய புதர், அடியில் கறுப்பான கரிச் சேறு. அதற்குள் பலகைப் பாதை வழியாகத்தான் போக முடியும். விலகிக் கால் வைத்தால் ஷூ உள்ளேயே தங்கிவிடும்.

செடி வேட்டைக்கு ஒரு சூத்திரம் சொல்ல வேண்டுமானால் இதுதான்: பைன் புல்வெளி முடிந்து புதர் தொடங்கும் விளிம்பைப் பிடிக்க வேண்டும். நம் ஊரில் வயலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே எப்போதும் ஈரம் கசியும் ஒரு துண்டு நிலம் இருக்குமே, அதுபோல. புல்வெளியின் நடுவில் ஃப்ளைட்ராப்புக்கு ஈரம் போதாது. புதருக்குள் வெயில் போதாது. இரண்டும் கிடைக்கும் நாலைந்து மீட்டர் அகலப் பட்டையில்தான் அது குடியிருக்கிறது. பாதை அந்தப் பட்டையைக் கடக்கும் இடங்களில் நின்றாலே போதும், பாதையை விட்டு இறங்க வேண்டியதில்லை. இறங்கவும் கூடாது. ஒரு ஷூ அச்சில் நாலு செடி நசுங்கும்.

பூச்சி தின்னும் செடிகள் ஏன் இங்கே கூட்டமாக இருக்கின்றன என்பதற்கு விடை தரையில் இருக்கிறது. மழை அலசி அலசி உரச்சத்தெல்லாம் போன மண். புளிப்பு ஏறியது. நைட்ரஜன் கிடையாது என்றே சொல்லலாம். உணவைச் செடி மற்றச் செடிகளைப் போல வெயிலில்தான் சமைத்துக்கொள்கிறது. பூச்சி அதற்குச் சாப்பாடு அல்ல, உரம். உரக்கடை இல்லாத ஊரில் இருக்கிறவர் செய்துகொண்ட ஏற்பாடு. வீட்டில் ஃப்ளைட்ராப் வளர்ப்பவர்கள் தொட்டியில் நல்ல மண்ணும் எருவும் போட்டு அதைக் கொன்றுவிடுவதன் காரணமும் இதுவே.

இந்தக் காட்டில் குறைந்தது 14 வகைப் பூச்சியுண்ணும் செடிகள் இருக்கின்றன. அத்தனையும் ஒரே நாளில் பார்க்க ஆசைப்பட்டு ஓடுகிறவர்கள் எதையும் ஒழுங்காகப் பார்ப்பதில்லை. நாலு வகையைப் பொறுமையாகப் பார்த்தால் அதுவே நிறைய.

முழங்கால் உயரத்தில்

முதலில் ஃப்ளைட்ராப். ஒரு நல்ல பொறியைத் தேர்ந்து, விரிப்பைப் போட்டு, முகத்தைத் தரைக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டு மடல்கள், உட்புறம் செக்கச் சிவப்பு, ஓரத்தில் கண்ணிமை போல முட்கள். அதுவரை எல்லாரும் பார்த்ததுதான். லென்ஸை வைத்தால் ஒவ்வொரு மடலிலும் மூன்று மெல்லிய முடிகள் நிமிர்ந்து நிற்பது தெரியும். எல்லா வேலையும் அந்த ஆறு முடியில்தான். ஒரு முடியை ஒரு தடவை தொட்டால் ஒன்றும் நடக்காது. சுமார் 20 நொடிக்குள் இரண்டாம் தடவை தொட்டால் பத்தில் ஒரு நொடியில் மூடிக்கொள்ளும். மழைத்துளி ஏமாற்றிவிடாமல் இருக்க இந்த இரட்டைக் கணக்கு. கணக்கு அங்கேயும் நிற்பதில்லை. உள்ளே மாட்டிய பூச்சி துடிக்கத் துடிக்க முடிகள் மறுபடி மறுபடி தொடப்படும். ஐந்து தொடுகைக்கு மேல் போனால்தான் செரிமான நீர் சுரக்கத் தொடங்கும் என்று ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் கண்டறிந்தார்கள். மூளை இல்லாத ஒன்று ஐந்து வரை எண்ணுகிறது.

தசை இல்லாமல் அவ்வளவு வேகம் எப்படி? பழைய தகர டப்பாவின் மூடியை நடுவில் அழுத்தினால் டொக்கென்று உட்புறம் குழியும். மடல்கள் திறந்திருக்கும்போது வெளிப்பக்கமாக வளைந்து முறுக்கேறி நிற்கின்றன; தூண்டுதல் வந்ததும் அதே டொக், வளைவு திசை மாறிவிடுகிறது. நிதானமாக நடப்பது அதற்குப் பிந்தைய வேலை: விளிம்புகள் இறுக ஒட்டி, பொறி ஒரு சின்ன வயிறாகி, ஒரு வாரமோ பத்து நாளோ கழித்துத்தான் திறக்கும். உள்ளே பூச்சியின் ஓடு மட்டும் மீந்திருக்கும்.

இங்கேதான் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு பிள்ளை விரலை நீட்டும். பிள்ளை என்ன பிள்ளை, பெரியவர்களே நீட்டுகிறார்கள். செய்யக் கூடாது. வெறும் வயிற்றோடு மூடிய பொறி திறக்க ஒரு நாளாவது ஆகும். ஒவ்வொரு பொறிக்கும் வாழ்நாளில் சில தடவை மூடித் திறக்கும் தெம்புதான் உண்டு. இருபது பேர் ஆளுக்கு ஒரு தடவை வேடிக்கை பார்த்தால் அந்தச் செடிக்கு அந்தப் பருவம் போயிற்று. மூடுவதைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் நர்சரியில் வாங்கிய செடியிடம் வீட்டில் காட்டலாம். காட்டில் பத்து நிமிடம் அசையாமல் காத்திருந்தால் எறும்பு ஒன்று மடலில் ஏறுவதைப் பார்க்க வாய்ப்பிருக்கிறது. ஈ வருமா என்று காத்திருப்பது வீண். பெயரில் ஃப்ளை இருந்தாலும் காட்டில் அது பிடிப்பதில் பெரும்பங்கு எறும்பும் சிலந்தியும்தான். பறக்கிற பூச்சிகள் சொற்பம்.

பூத்திருக்கும் சமயமானால் காம்பின் உயரத்தைக் கவனிக்க வேண்டும். பொறிகள் தரையில் கிடக்க, பூ மட்டும் ஒரு சாணுக்கு மேலே. மகரந்தம் சுமந்து வரும் தேனீயையும் வண்டையும் செடி தின்றுவிடாதா என்ற கேள்வியை வட கரோலினா ஆய்வாளர்களே எடுத்துக்கொண்டு பூவில் பிடிபட்டதையும் பொறியில் கிடந்ததையும் ஒப்பிட்டார்கள். 2018இல் வெளிவந்த முடிவு: பூவுக்கு அதிகமாக வரும் பச்சை நிறக் குட்டித் தேனீ உள்ளிட்ட மூன்று பூச்சிகள் பொறியில் ஒன்றுகூட இல்லை. விருந்தாளிக்கு மாடி, இரைக்குத் தரைத்தளம்.

அடுத்தது அழுகண்ணி. இந்தப் பெயரை இங்கே வேண்டுமென்றே பயன்படுத்துகிறோம். பாடப்புத்தகம் டிரோசீரா என்கிறது. சித்த மருத்துவத்தில் தொழுகண்ணியோடு சேர்த்துச் சொல்லப்படும் அழுகண்ணி இந்த இனத்துச் செடிதான் என்று பலர் அடையாளம் காட்டுகிறார்கள். கண்ணீர் ததும்பி நிற்பது போன்ற இலையைப் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது என்று தோன்றும். கிரீன் ஸ்வாம்பில் பாதையோர ஈர மணலில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்புப் புள்ளிகளாகக் கிடக்கும். தெரியாதவர்கள் வாடிய பாசி என்று தாண்டிப் போவார்கள். காலையில் போகச் சொன்னதன் மீதிக் காரணம் இது: சூரியன் தாழ இருக்கும்போது, செடி நமக்கும் சூரியனுக்கும் நடுவே வரும்படி உட்கார்ந்தால் ஒவ்வொரு முடியின் நுனித் துளியும் ஒளிரும். பனித்துளி எட்டு மணி வெயிலில் காய்ந்துவிடும். இது காயாது, ஏனென்றால் இது நீரல்ல, பசை. குட்டிக் கொசு ஒன்று உட்கார்ந்து எழ முடியாமல் இழுத்தால் பசை நூலாக நீளும். பக்கத்து முடிகள் மெதுவாக, மிக மெதுவாக, அதன்மேல் சாயும்.

டார்வின் இந்தச் செடியிடம் மாட்டிக்கொண்டார் என்றே சொல்ல வேண்டும். 1860 கோடையில் இங்கிலாந்தின் ஒரு புதர்வெளியில் தற்செயலாகப் பார்த்தது. பிறகு இறைச்சித் துண்டு, முட்டை, கண்ணாடித் துணுக்கு, தலைமுடி என்று எதையெதையோ அதற்கு ஊட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான எடையுள்ள முடித் துண்டுக்குக்கூட அது வளைந்துகொடுத்தது. 1875இல் பூச்சியுண்ணும் தாவரங்களைப் பற்றி அவர் வெளியிட்ட நூலில் பெரும்பகுதி இந்த ஒரு இனத்துக்கே போயிற்று. ஃப்ளைட்ராப்பை உலகத்தின் மிக அதிசயமான செடிகளில் ஒன்று என்று புகழ்ந்த அதே ஆள்தான்.

ஆனால் ஃப்ளைட்ராப்பை முதலில் எழுத்தில் வைத்தவர் விஞ்ஞானி அல்ல. ஆர்தர் டாப்ஸ், அன்றைய வட கரோலினாவின் ஆளுநர். 1759இல் லண்டனில் இருந்த செடிப் பிரியர் பீட்டர் காலின்சனுக்கு எழுதிய கடிதத்தில், தொட்டதும் மூடிக்கொள்ளும் ஒரு செடியைப் பற்றிச் சொன்னார். 1768இல் ஜான் எல்லிஸ் அதற்கு அறிவியல் பெயர் சூட்டி விவரம் வெளியிட்டார்.

குடுவைச் செடிக்குக் குனிய வேண்டாம். மஞ்சள் குடுவை இடுப்பு உயரம் வரை வரும். சங்கு ஊதுகுழல் போல நிமிர்ந்து, மேலே மழை விழாமல் ஒரு மூடி. மூடியின் அடியிலும் வாயின் விளிம்பிலும் தேன் சுரக்கிறது. அந்தத் தேனில் கொனீன் என்ற நச்சுப் பொருள் கொஞ்சம் இருக்கிறது, சாக்ரடீஸுக்குக் கொடுத்த ஹெம்லாக்கில் இருக்கிற அதே நச்சு. உள்சுவர் வழுக்கும், அதற்கும் கீழே முடிகள் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். இறங்கலாம், ஏற முடியாது. குடுவையைப் பிளந்து பார்க்கத் தேவையில்லை. சூரியன் பின்னால் இருக்கும்படி நின்றால் போதும்: மெல்லிய சுவரின் வழியாக அடியில் குவிந்திருக்கும் பூச்சிகளின் நிழல் கறுப்பாகத் தெரியும். எவ்வளவு உயரத்துக்கு நிரம்பியிருக்கிறது என்பதைத் தண்ணீர்க் குடத்தின் மட்டம் பார்ப்பதுபோல் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த மரணக் கிணற்றுக்குள் வாடகை இல்லாமல் குடியிருப்பவர்களும் உண்டு. ஒரு சிறிய அந்துப்பூச்சி வழுக்குச் சுவரில் தலைமேலாக உட்கார்ந்து பகலைக் கழிக்கிறது. அதன் புழு குடுவையையே தின்று வளரும். தரையோடு சாய்ந்து, மூடி அகன்று, மழைநீர் தேங்கும் ஊதாக் குடுவை வகையின் நீரில் ஒரு கொசு முட்டையிடுகிறது. அந்தக் கொசுவின் புழுவுக்கு உலகத்தில் வேறு வீடே கிடையாது. குடுவைக்குப் பக்கத்தில் பச்சைச் சிலந்தியோ மரத்தவளையோ காத்திருப்பதும் சகஜம். செடிக்கு வருகிற கூட்டத்தில் இவர்களுக்கும் ஒரு பங்கு.

நாலாவது நீர்ப்பைச் செடி. குட்டைகளிலும் ஈரப் பள்ளத்திலும் நீர்மேல் சிறு மஞ்சள் பூ நிமிர்ந்திருந்தால் அதன் அடியில் இது இருக்கலாம். பொறி முழுவதும் நீருக்குள், கடுகளவுப் பைகள். ஒரு மில்லிநொடிக்கும் குறைவான நேரத்தில் நீரோடு சேர்த்து இரையை உறிஞ்சிவிடும். கண்ணால் பார்க்கக் கிடைப்பது பூ மட்டுமே. பார்த்துவிட்டு நகரலாம்.

எரித்துக் காப்பாற்றும் காடு

சில மாதங்களில் வருகிறவர்கள் அதிர்ந்து போவார்கள். தரை முழுவதும் கரி, மரங்களின் அடி ஆள் உயரத்துக்குக் கறுத்துக் கிடக்கும். காட்டுத்தீ இல்லை, காப்பாளர்கள் திட்டமிட்டு வைத்த தீ. 1977இல் ஒரு காகித நிறுவனம் 13,850 ஏக்கரை நன்கொடையாகக் கொடுத்ததிலிருந்து இந்தக் காட்டைப் பராமரித்துவரும் தி நேச்சர் கன்சர்வன்சி என்ற அமைப்பு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பகுதி பகுதியாக எரிக்கிறது. இந்த நிலம் மின்னல் தீயிலும், பிறகு பூர்வகுடிகள் வைத்த தீயிலும் பழகியது. எரியாமல் விட்டால் புதர் மேட்டுக்கு ஏறும், நிழல் கட்டும், நிழலில் ஃப்ளைட்ராப் சாகும். எரிந்தால் இலை போகும். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு போன்ற அடிப்பகுதி தப்பித்து மறுபடி தளிர்க்கும். எரிந்து ஒன்றிரண்டு ஆண்டு ஆன இடத்தில்தான் செடிகள் கொள்ளையாக இருக்கும். ஆகவே அடி கறுத்த மரங்களைக் கண்டால் முகம் சுளித்துத் திரும்பாமல் அங்கேயே தேடுவது புத்திசாலித்தனம்.

நெட்டிலை பைனுக்கும் தீ வேண்டும். அதன் கன்று முதல் சில ஆண்டுகள் மரமாகவே தெரியாது. துடைப்பத்தைத் தலைகீழாக நட்டதுபோல் ஒரு புல் கொத்து. அந்த ஊசி இலைகள்தான் நடுவிலிருக்கும் குருத்தைத் தீயிலிருந்து காக்கின்றன. வெர்ஜீனியாவிலிருந்து டெக்சாஸ் வரை சுமார் 9 கோடி ஏக்கரில் இருந்த இந்தக் காட்டில் இன்று எஞ்சியிருப்பது மிகச் சிறு பங்கு. கப்பலுக்குக் கீலும் டர்பன்டைனும் எடுக்கப் பால் வடித்தார்கள், பிறகு பலகைக்கு வெட்டினார்கள். வட கரோலினாக்காரர்களுக்குத் தார் ஹீல் என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டதும் இந்தத் தொழிலால்தான். கழுத்தை நிமிர்த்தினால், மெழுகு வழிந்த மெழுகுவத்தி போல் பிசின் வடியும் பைன் ஒன்று கண்ணில் படலாம். உயிருள்ள பைனில் மட்டும் பொந்து குடையும் ஓர் அபூர்வ மரங்கொத்தி வேண்டுமென்றே பிசினைக் கசியவிட்டிருக்கிறது. பாம்பு ஏறாமல் இருக்க.

கைக்குச் சட்டம்

ஒரு ஃப்ளைட்ராப் செடியைப் பிடுங்கிப் பைக்குள் போட்டால் யாருக்குத் தெரியும் என்று தோன்றலாம். 2014 டிசம்பர் 1 முதல் வட கரோலினாவில் அது சிறைக்குப் போகும் குற்றம். அதற்கு முன்பு சிறிய அபராதம்தான். சட்டம் வந்த அடுத்த மாதமே ஹாலி ஷெல்டர் என்ற காட்டில் 970 செடிகளோடு நாலு பேர் பிடிபட்டார்கள். வேறு மாநிலத்து நர்சரியில் வளர்த்ததைக் கடையில் சில டாலருக்கு வாங்க முடிகிற செடி இது. அதைத் திருட இவ்வளவு பேர் சேற்றில் இறங்குவது வேடிக்கையாக இருக்கிறது. வாங்கினாலும், ஊருக்குத் திரும்பும் பெட்டியில் வைக்கலாம் என்று எண்ண வேண்டாம். சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கும் செடி. தாவர நலச் சான்றும் அனுமதியும் இல்லாமல் இந்திய விமான நிலையத்தில் அது குப்பைக்குத்தான் போகும்.

போட்டோவுக்கும் ஒரு சொல். எடுத்த படத்தை இருப்பிடக் குறிப்போடு பகிர்வது திருடர்களுக்கு வழி சொல்வது போலாகும். போனில் அந்த வசதியை அணைத்துவிட்டு எடுப்பதே சரி.

முட்டி வலிக்காரர்களுக்கு

கிரீன் ஸ்வாம்ப் எல்லாருக்குமான இடம் அல்ல. பாதை கரடுமுரடு, சில நாளில் கணுக்கால் வரை நீர். சக்கர நாற்காலியிலோ தள்ளுவண்டியிலோ வருபவர்கள் கரோலினா பீச் மாநிலப் பூங்காவுக்குப் போகலாம். வில்மிங்டனுக்குத் தெற்கே இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. ஃப்ளைட்ராப் பெயரிலேயே முக்கால் கிலோமீட்டர் வளையப் பாதை ஒன்று உண்டு. வனக்காவலர் கூட வந்து காட்டும் நாளாக இருந்தால் அதிர்ஷ்டம். எதுவும் தவறவிடாமல் பார்க்கலாம். வில்மிங்டன் நகருக்குள்ளேயே ஸ்டான்லி ரேடர் பூச்சியுண்ணும் தாவரத் தோட்டம் இருக்கிறது, அரைமணி நேரம் போதும். 2013இல் அங்கேயும் திருடர்கள் நுழைந்து ஃப்ளைட்ராப்களை வாரிக்கொண்டு போனார்கள். அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வப் பூச்சியுண்ணும் தாவரம் என்ற பட்டம் 2005இலேயே கிடைத்துவிட்ட செடிக்கு இதுதான் மரியாதை.

நடை முடிந்து காருக்குத் திரும்பியதும் முதல் வேலை படம் பார்ப்பதல்ல. முழங்கால் பின்புறம், இடுப்பு, காது மடல் என்று உண்ணி தேடுவது. குழந்தைகளுக்குத் தலைமுடிக்குள்ளும்.

விசாவும் விமானமும் வாய்க்காதவர்கள் சோர்ந்துபோக வேண்டியதில்லை. ஃப்ளைட்ராப் கிடைக்காது, அழுகண்ணி கிடைக்கும். நீலகிரியிலும் பழனி மலையின் மேல்பகுதியிலும் பருவமழைக்குப் பிறகு ஈரம் கசியும் புல் சரிவுகளில் அதன் உறவினர் ஒருவர் முளைக்கிறார். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழையத் தேவையில்லை, சாலையோர மண் சரிவே சில இடங்களில் போதும். தேடுகிறவர்கள் ஓர் அளவை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: செடி ஒரு சாண் உயரம், இலை சட்டைப் பொத்தானில் பாதி.